மாத்திரையை நிறுத்தலாமா? - ஒரு கேள்வியின் வரலாறு

"டெஸ்ட் எடுத்தாச்சு, சுகர் நார்மல். இனி மாத்திரை எதற்கு?"

சர்க்கரை நோயாளி இருக்கும் வீடுகளில் ஒருமுறையாவது எழுந்திருக்கும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் அப்பாவாகவோ தாத்தாவாகவோ இருப்பார். பதில் சொல்ல வீட்டில் எல்லோரும் தயார். "மருந்தை விட்டால் கண் போய்விடும்" என்பார் ஒருவர். "இங்கிலீஷ் மருந்தைத் தின்றுதான் கிட்னி போகிறது, நாவல் கொட்டைப் பொடி போதும்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். "ஆரம்பித்தால் ஆயுசுக்கும் சாப்பிட வேண்டியதுதான்" என்று பெருமூச்சு விடுவார் பாட்டி. டாக்டரிடம் கேட்க மட்டும் யாருக்கும் தைரியம் வராது. திட்டுவாரோ என்ற பயம்!

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. அதன்படி இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இருப்பது இரண்டாம் வகை. அப்படியானால் இந்தக் கேள்வி எத்தனை கோடி வீடுகளின் கேள்வி!

இதை நோயாளிகள் மட்டும் கேட்கவில்லை. மருத்துவ உலகமும் கேட்டது. அதற்காக டாக்டர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள், நீதிமன்றம் வரை போனார்கள், பெரிய ஆய்வுகளைப் பாதியில் நிறுத்தினார்கள். அந்த வரலாறு தெரிந்தால், வீட்டில் கிடைக்கும் மூன்று பதில்களும் ஏன் முழு உண்மை இல்லை என்பது புரியும்.

மாத்திரைக்கு முந்தைய காலம்

1870 செப்டம்பர். பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர். பாரீஸ் நகரை எதிரிப் படை சூழ்ந்துகொண்டது. அடுத்த ஆண்டு ஜனவரி வரை முற்றுகை நீடித்தது. நகரத்துக்குள் உணவு வரவில்லை. மக்கள் அரைவயிறும் கால்வயிறுமாகக் கிடந்தார்கள்.

அந்த ஊரில் அப்போலினேர் பூஷார்தா என்று ஒரு மருத்துவர் இருந்தார். தன்னிடம் வந்த நீரிழிவு நோயாளிகள் சிலரிடம் அவர் ஒரு விநோதத்தைக் கவனித்தார். பஞ்சத்தில் ஊரே வாடும்போது இவர்களுடைய சிறுநீரில் சர்க்கரை காணாமல் போயிருந்தது! அதன் பிறகு, முடிந்தவரை குறைவாகச் சாப்பிடுங்கள், உடலுக்கு வேலை கொடுங்கள் என்பதே தன் நோயாளிகளுக்கு அவர் சொன்ன வைத்தியம். இந்தச் சம்பவத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சுமார் 140 ஆண்டுகள் கழித்து இது மறுபடியும் வரப்போகிறது.

இதே வழியை அமெரிக்காவில் ஃபிரெடெரிக் ஆலன் என்ற மருத்துவர் 1910-களில் தீவிரமாகக் கடைப்பிடித்தார். சிறுநீரில் சர்க்கரை நிற்கும்வரை பட்டினி, அதற்குப் பிறகும் மிகக் குறைந்த உணவு. வயதான, பருமனான நோயாளிகள் சிலருக்கு இது பலன் தந்தது. ஆனால் அவரிடம் குழந்தைகளும் வந்தார்கள். அமெரிக்காவின் பெரிய அரசியல்வாதி சார்லஸ் எவன்ஸ் ஹ்யூஸின் மகள் எலிசபெத் அவர்களில் ஒருத்தி. 11 வயதில், 1919-ல், நோய் கண்டது. மூன்று ஆண்டு பட்டினி வைத்தியத்துக்குப் பிறகு 1922 ஆகஸ்டில் கனடாவின் டொராண்டோ நகருக்கு அவளை அழைத்துப் போனபோது அவள் எடை சுமார் 20 கிலோ.

டொராண்டோவில்தான் அதற்கு முந்தைய ஆண்டு பேன்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைக் கண்டுபிடித்திருந்தார்கள். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகப் போடப்பட்டது. எலிசபெத்துக்கும் கிடைத்தது. அவள் பிழைத்தாள், திருமணம் செய்துகொண்டாள், 1981 வரை வாழ்ந்தாள்.

ஒரே பட்டினி, ஒருவருக்கு நன்மை, இன்னொருவருக்குக் கொடுமை. ஏன்? 1936-ல் ஹெரால்ட் ஹிம்ஸ்வொர்த் என்ற ஆங்கிலேய மருத்துவர் விடை சொன்னார். நீரிழிவு ஒரே நோய் அல்ல, இரண்டு வகை. ஒரு வகையினரின் உடலில் இன்சுலினே இல்லை. இன்னொரு வகையினரின் உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கீழ்ப்படிவதில்லை. முதல் வகைக்கு மருந்தை நிறுத்துவது என்ற கேள்விக்கே இடமில்லை. இன்சுலினை நிறுத்தினால் உயிர் போய்விடும். இந்தக் கட்டுரையின் கேள்வி முழுக்க முழுக்க இரண்டாம் வகைக்கு உரியது.

மாத்திரை வந்தது

சர்க்கரை மாத்திரையைத் தேடி யாரும் போகவில்லை. 1942-ல் பிரான்சின் மோன்ப்பெல்லியே நகரில் மார்செல் ஜான்போன் என்ற மருத்துவர் டைபாய்டு காய்ச்சலுக்கு ஒரு புதிய சல்ஃபா மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். சில நோயாளிகளுக்கு வலிப்பு வந்தது, மயங்கி விழுந்தார்கள். காரணம், ரத்தத்தில் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போயிருந்தது. அவர் இதை ஓகுஸ்ட் லூபாத்தியேர் என்ற சக ஆய்வாளரிடம் சொன்னார். இந்த மருந்து கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கிறது என்று லூபாத்தியேர் நாய்களிடம் சோதித்துக் காட்டினார்.

அதிலிருந்து பிறந்த குடும்பம்தான் சல்ஃபோனைல்யூரியா. 1950-களின் நடுவில் கார்புடமைடு, டால்புடமைடு என்று வரிசையாக மாத்திரைகள் வந்தன. இன்றைக்கு நம் வீடுகளில் புழங்கும் கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு எல்லாம் இந்தக் குடும்பத்தின் வாரிசுகள். பக்கவிளைவாகப் பார்த்த ஒன்றே மருந்தானது என்பதால், அந்தப் பக்கவிளைவும் கூடவே வந்தது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இந்த மாத்திரை கணையத்தைத் தூண்டும். சாப்பிடாத வேளையில் சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரும். 'லோ சுகர்' என்று சொல்கிறோமே, அதுதான்.

மற்றொரு மாத்திரை செடியிலிருந்து வந்த கதை. ஐரோப்பாவில் வளரும் கலேகா என்ற செடியில் சர்க்கரையைக் குறைக்கும் சத்து இருப்பது தெரிந்திருந்தது. அதன் உறவான மெட்ஃபார்மினை 1957-ல் ழான் ஸ்டெர்ன் என்ற பாரீஸ் மருத்துவர் நோயாளிகளுக்குக் கொடுத்து வெற்றி கண்டார். இது கணையத்தைத் தூண்டுவதில்லை. முக்கியமாகக் கல்லீரல் வெளியே தள்ளும் சர்க்கரையைக் குறைக்கிறது. எனவே தனியாகச் சாப்பிட்டால் லோ சுகர் வருவது அபூர்வம். எதைக் குறைப்பது, எதை வைத்துக்கொள்வது என்று டாக்டர்கள் முடிவு செய்யும்போது இந்த வேறுபாடு மிக முக்கியம்.

மாத்திரை வந்தவுடன் நடந்தது ஒரு 'நிறுத்தம்'தான். தினமும் ஊசி போட்டுக்கொண்டிருந்த வயதான நோயாளிகள் பலர் இன்சுலினை விட்டு மாத்திரைக்கு மாறினார்கள். அவர்களுக்கு அது ஒரு விடுதலை. மாத்திரையையே நிறுத்த வேண்டி வருமா என்று அன்று யாரும் யோசிக்கவில்லை.

1970: பேப்பரில் வந்த செய்தி

சர்க்கரையைக் குறைத்தால் நோயாளி அதிக நாள் வாழ்வார். இது எல்லோருக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் நிரூபித்தது யார்? யாருமில்லை.

நிரூபிப்பதற்காக 1961-ல் அமெரிக்க அரசு நிதியுடன் பல பல்கலைக்கழக மருத்துவமனைகள் சேர்ந்து ஓர் ஆய்வைத் தொடங்கின. யு.ஜி.டி.பி. என்று பெயர். எல்லோருக்கும் உணவுக் கட்டுப்பாடு. கூடவே ஒரு குழுவுக்கு டால்புடமைடு, இன்னும் சில குழுக்களுக்கு இன்சுலின், ஒரு குழுவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. பிறகு ஃபென்ஃபார்மின் என்ற மருந்தும் சேர்க்கப்பட்டது.

முடிவு அதிர்ச்சியாக இருந்தது. டால்புடமைடு சாப்பிட்ட 204 பேரில் 26 பேர் இதயம், ரத்தக்குழாய் நோய்களால் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட 205 பேரில் அப்படி இறந்தவர்கள் 10 பேர். ஆய்வாளர்கள் 1969-லேயே அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

அதைவிடப் பெரிய கூத்து, செய்தி வெளியான விதம். மருத்துவ இதழில் கட்டுரை வருவதற்குப் பல மாதங்கள் முன்பே, 1970 மே மாதத்தில், செய்தித்தாள்களில் விஷயம் வந்துவிட்டது. அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் அந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காலையில் பேப்பரைப் பிரித்தவர் கையில் மாத்திரையோடு என்ன செய்வார்? டாக்டருக்குப் போன் செய்வார். டாக்டரோ ஆய்வையே இன்னும் படித்திருக்க மாட்டார்!

டாக்டர்கள் இரண்டு அணியாகப் பிரிந்தார்கள். நோயாளிகளைத் தேர்ந்தெடுத்ததில் தவறு, ஏற்கனவே இதயம் பலவீனமானவர்கள் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டார்கள் என்றது ஓர் அணி. மாத்திரை அட்டையில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று அரசின் மருந்துத் துறை சொன்னபோது அந்த அணி நீதிமன்றத்துக்குப் போனது. ஆய்வின் மூலத் தரவுகளைக் காட்டு என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1980-ல் தள்ளுபடியானது. கடைசியில் எச்சரிக்கை அச்சானது 1984-ல். பதினான்கு ஆண்டுகள்!

இதற்கிடையில் ஃபென்ஃபார்மின் வேறொரு வழியில் வீழ்ந்தது. ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறி நோயாளிகள் இறந்ததால் 1977-ல் அமெரிக்க அரசு அதை உடனடி ஆபத்து என்று அறிவித்து நிறுத்தியது. அதன் நெருங்கிய உறவான மெட்ஃபார்மினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைக்க 1994 வரை ஆனது.

பின்னால் வந்த பெரிய ஆய்வு சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகள் அந்த அளவுக்குக் கொல்வதாகக் காட்டவில்லை. அப்படியானால் யு.ஜி.டி.பி. வீணா? இல்லை. சர்க்கரை எண் குறைவது ஒன்று, நோயாளி நன்றாக வாழ்வது வேறொன்று, இரண்டையும் தனித்தனியாகத்தான் அளந்து பார்க்க வேண்டும் என்று முதன்முதலில் உலகத்துக்குச் சொன்னது அதுதான்.

மருந்து ஜெயித்த கதை

'பின்னால் வந்த பெரிய ஆய்வு' இங்கிலாந்தில் நடந்தது. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ராபர்ட் டர்னரும் ரூரி ஹோல்மனும் 1977-ல் தொடங்கினார்கள். சுருக்கமாக யு.கே.பி.டி.எஸ். புதிதாக நோய் கண்ட 5,102 பேர், 23 மையங்கள், இருபது ஆண்டுகள்.

அந்தச் சமயத்தில் ஒரு புது அளவுகோலும் புழக்கத்துக்கு வந்தது. டெஹ்ரான் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் ரஹ்பர், நீரிழிவு நோயாளிகளின் ரத்தத்தில் ஒருவகை ஹீமோகுளோபின் அதிகமாக இருப்பதை 1960-களின் இறுதியில் கண்டறிந்தார். சர்க்கரை ஒட்டிய இந்த ஹீமோகுளோபினை அளந்தால் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி தெரிந்துவிடும். இதுதான் ஹெச்பிஏ1சி. ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய நாள் மட்டும் இனிப்பை விட்டு ஏமாற்ற முடியாது!

1998-ல் முடிவு வந்தது. மருந்தால் இறுக்கமாகக் கட்டுப்படுத்திய குழுவின் சராசரி 7.0 சதவீதம், மற்றக் குழுவுக்கு 7.9. இந்தச் சின்ன வித்தியாசமே கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண்குழாய்ப் பாதிப்புகளைக் கால் பங்கு குறைத்திருந்தது. எடை அதிகமானவர்களில் மெட்ஃபார்மின் சாப்பிட்ட குழுவில் இறப்பே 36 சதவீதம் குறைந்திருந்தது.

2008-ல் இன்னொரு செய்தி. ஆய்வு முடிந்து ஒரே ஆண்டில் இரு குழுக்களின் சர்க்கரை அளவும் ஒன்றாகிவிட்டது. ஆனால் முன்பு நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கிடைத்த நன்மை அடுத்த பத்து ஆண்டுகளுக்கும் தொடர்ந்தது. இளமையில் போட்ட வைப்பு நிதிக்கு வட்டி வருவது போல! 'மருந்து எல்லாம் கம்பெனிக்காரன் ஏமாற்று வேலை' என்று சொல்பவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும். நோய் கண்ட முதல் சில ஆண்டுகளில் அலட்சியமாக மருந்தை விடுபவர் இழப்பது அந்த மாதத்துக் கட்டுப்பாட்டை மட்டுமல்ல, பத்து ஆண்டுகள் கழித்து வர வேண்டிய வட்டியையும்.

ஆனால் யு.கே.பி.டி.எஸ். இன்னொன்றையும் காட்டியது. ஆண்டுகள் போகப் போகக் கணையம் தளர்ந்தது. ஒரு மாத்திரை போதாமல் இரண்டு, மூன்று, பிறகு இன்சுலின் என்று ஏறிக்கொண்டே போனது. 'இது ஏறுமுக நோய், மருந்து கூடுமே தவிரக் குறையாது' என்ற எண்ணம் அன்றிலிருந்து உறுதியானது. பாட்டியின் பெருமூச்சுக்கு மருத்துவச் சான்றிதழ் கிடைத்தது போல!

2008: அளவுக்கு மிஞ்சினால்

7 நல்லது என்றால் 6 இன்னும் நல்லதுதானே? இயல்பான மனிதரின் அளவுக்கே கொண்டுவந்துவிட்டால்?

இதைச் சோதிக்கத்தான் அமெரிக்காவிலும் கனடாவிலும் அக்கார்ட் என்ற ஆய்வு நடந்தது. 10,251 பேர். சராசரி வயது 62. பல ஆண்டுகளாக நோய் உள்ளவர்கள், இதய நோய் இருந்தவர்கள் அல்லது வர வாய்ப்புள்ளவர்கள். பாதிப் பேருக்கு இலக்கு 6-க்குக் கீழே. மீதிப் பேருக்கு 7-க்கும் 8-க்கும் இடையே.

2008 பிப்ரவரியில் ஆய்வின் அந்தப் பகுதி அவசரமாக நிறுத்தப்பட்டது. இறுக்கமாகக் கட்டுப்படுத்திய குழுவில் 257 பேர் இறந்திருந்தார்கள். மற்றக் குழுவில் 203. பிறர் உதவி தேவைப்படும் அளவுக்கு மோசமான லோ சுகரும் முதல் குழுவில்தான் அதிகம். எடையும் ஏறியிருந்தது. அதே காலத்தில் 11,140 பேரிடம் நடந்த அட்வான்ஸ் என்ற ஆய்வில் இறப்பு கூடவில்லை. ஆனால் குறையவும் இல்லை.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் ஊரில் சொல்வார்கள். அது மருந்துக்கும் பொருந்தும் என்று ஒத்துக்கொள்ள மருத்துவ உலகத்துக்கு இத்தனை காலம் பிடித்தது.

2011-ல் வந்த மற்றொரு கணக்கு இன்னும் கண்ணைத் திறந்தது. அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்களில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் மருந்தின் தீயவிளைவால் அவசரமாக மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்கள். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் வந்தது இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரையால்.

வயதானால் என்ன நடக்கிறது? சாப்பாடு குறைகிறது. எடை குறைகிறது. சிறுநீரகம் மந்தமாகிறது, அதனால் மருந்து உடலைவிட்டு வெளியேறத் தாமதமாகிறது. ஆனால் பத்து வருடங்களுக்கு முன் எழுதிய சீட்டு மட்டும் அப்படியே இருக்கிறது! ஐம்பது வயதில் சரியாக இருந்த அதே மாத்திரை எண்பது வயதில் குளியலறையில் தள்ளிவிடுகிறது. இடுப்பெலும்பு முறிந்தால் பிறகு ஹெச்பிஏ1சி எவ்வளவு அழகாக இருந்து என்ன பயன்?

மாற்றம் மெதுவாக வந்தது. 2013-ல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் கிளிபென்கிளமைடுக்குப் பதில் கிளிக்ளசைடைச் சேர்த்தது. கிளிபென்கிளமைடு 60 வயதைத் தாண்டியவர்களுக்குப் பொருத்தமில்லை என்று குறிப்பிட்டது. அதே ஆண்டில் அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம், பெரும்பாலான முதியவர்களுக்கு 7.5-க்குக் கீழே இறக்குவதற்காக மருந்து கொடுப்பதைத் தவிர்க்கச் சொன்னது. 2018-ல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி இன்னும் ஒரு படி மேலே போனது. மருந்தால் 6.5-க்குக் கீழே வந்துவிட்டவர்களுக்கு மருந்தைக் குறைப்பது பற்றி யோசியுங்கள் என்றது. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் இதை ஏற்காமல் எதிர்ப்புத் தெரிவித்தது. சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் 'குறைப்பது' என்ற வார்த்தை வழிகாட்டிக்குள் நுழைந்துவிட்டது.

பாரீஸ் பஞ்சம் திரும்பி வந்தது

இது வரை பார்த்தது மருந்தின் தீமை அதிகமானதால் குறைத்த கதை. இன்னொரு கதை, நோயே பின்வாங்கியதால் நிறுத்திய கதை.

1995-ல் அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த வால்டர் போரீஸ் என்ற அறுவை மருத்துவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். மிகப் பருமனானவர்களுக்கு இரைப்பையைச் சுருக்கி மாற்றுப்பாதை அமைக்கும் அறுவை சிகிச்சை செய்ததில், அவர்களில் நீரிழிவு இருந்தவர்களில் 83 சதவீதம் பேருக்குச் சர்க்கரை இயல்பாகி, அப்படியே நீடித்தது. அதுவும் எடை குறைவதற்கு முன்பே, சில நாட்களிலேயே! ஏறுமுக நோய் எப்படி இறங்கியது?

இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ராய் டெய்லர் இதைப் பற்றி யோசித்தார். காரணம் கத்தியா, அல்லது அறுவைக்குப் பிறகு சாப்பாடு திடீரென்று குறைவதா? 2011-ல் 11 பேரை வைத்துச் சோதித்தார். அறுவை இல்லை. தினம் சுமார் 600 கலோரி உணவு மட்டும், எட்டு வாரம். மாத்திரைகள் நிறுத்தப்பட்டன. ஒரே வாரத்தில் காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரி சுமார் 166-லிருந்து 106-க்கு வந்தது. கல்லீரலில் சேர்ந்திருந்த கொழுப்பு கரைந்தது. பிறகு கணையத்தின் கொழுப்பும் குறைந்து அது மறுபடி வேலை செய்ய ஆரம்பித்தது. பூஷார்தா பாரீஸ் முற்றுகையில் பார்த்தது இதைத்தான்.

அடுத்து பெரிய ஆய்வு. டெய்லரும் கிளாஸ்கோவின் மைக் லீனும் நடத்திய டைரக்ட். 20 முதல் 65 வயது, நோய் வந்து ஆறு ஆண்டுகளுக்குள், இன்சுலின் போடாதவர்கள், பருமனானவர்கள். சாதாரண குடும்ப மருத்துவர்களின் கிளினிக்குகளில் நடந்தது. முதல் நாளே சர்க்கரை மாத்திரைகள் முழுவதும் நிறுத்தம். மூன்று முதல் ஐந்து மாதம் தினம் சுமார் 850 கலோரி அளவுக்குத் தயாரிக்கப்பட்ட சூப்பும் பானமும். பிறகு மெதுவாகச் சாதாரண உணவு.

2017-ல் முதல் ஆண்டு முடிவு வந்தது. இந்தக் குழுவின் 149 பேரில் 68 பேர், அதாவது 46 சதவீதம், மருந்தில்லாமல் நீரிழிவு எல்லைக்குக் கீழே இருந்தார்கள். வழக்கமான சிகிச்சைக் குழுவில் அப்படி 4 சதவீதம்தான். 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு வெற்றி. எடை கூடியவர்களில் ஒருவருக்குக்கூட இல்லை.

இத்துடன் நிறுத்தினால் இது விளம்பரம் ஆகிவிடும். இரண்டாம் ஆண்டில் 46 சதவீதம் 36 ஆனது. ஐந்தாம் ஆண்டு வரை உதவி தொடர்ந்து பெற்ற 85 பேரில் மருந்தில்லா நிலையில் நீடித்தவர்கள் 13 சதவீதம். எடை திரும்பியவர்களுக்கு நோயும் திரும்பியது. அவர்கள் தோற்றார்கள் என்று அர்த்தமில்லை. மருந்தில்லாமல் இருந்த ஆண்டுகள் லாபம்தான். ஆனால் நோய் 'போய்விட்டது' என்று யாரும் சொல்ல முடியாது.

அதனால்தான் 2021-ல் பல நாட்டு நீரிழிவுச் சங்கங்களின் நிபுணர்கள் கூடி ஒரு வார்த்தையைத் தேர்ந்தெடுத்தார்கள். குணம் அல்ல, தணிவு. மருந்தை நிறுத்தி மூன்று மாதமாவது ஆன பிறகும் ஹெச்பிஏ1சி 6.5-க்குக் கீழே இருந்தால் அது தணிவு. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே நார்மல் வந்தால் அது தணிவு அல்ல, கட்டுப்பாடு. தணிந்த பிறகும் ஆண்டுக்கு ஒருமுறையாவது ரத்தத்தைச் சோதிக்க வேண்டும். கண், சிறுநீரகம், பாதப் பரிசோதனைகளை விடக்கூடாது.

"டெஸ்ட் எடுத்தாச்சு, சுகர் நார்மல்" என்ற அப்பாவின் கேள்விக்கு விடை இந்த ஒரே வரையறையில் இருக்கிறது. அந்த நார்மல் யாருடைய உழைப்பு? எடை குறைந்த உடலின் உழைப்பா, மாத்திரையின் உழைப்பா? அதைப் பொறுத்ததுதான் எல்லாம்.

யார் செலவு செய்தார்கள்?

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய பணக் கணக்கு ஒன்று உண்டு. யு.ஜி.டி.பி., அக்கார்ட் இரண்டும் அமெரிக்க அரசுப் பணத்தில் நடந்தவை. டைரக்ட் ஆய்வுக்கு முக்கிய நிதி கொடுத்தது டயபடீஸ் யு.கே. என்ற தொண்டு நிறுவனம். புது மாத்திரையைத் தொடங்கச் சொல்ல விற்பனைப் பிரதிநிதி இருக்கிறார், விளம்பரம் இருக்கிறது, மாநாடு இருக்கிறது. ஒரு மாத்திரையை நிறுத்தச் சொல்ல யாருக்கு லாபம்? நிறுத்திய மாத்திரையை விற்க முடியாது. இந்தக் கேள்வி இவ்வளவு தாமதமாகக் கேட்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்காக எல்லா மாத்திரையும் வியாபாரம் என்றும் சொல்லிவிட முடியாது. 2015-ல் எம்பாகிளிஃப்ளோசின் என்ற மருந்து, இதய நோய் உள்ள நீரிழிவு நோயாளிகளில் இதயநோய் இறப்புகளை 38 சதவீதம் குறைத்ததாக ஓர் ஆய்வு காட்டியது. இதை நடத்தியவை அந்த மருந்தின் கம்பெனிகள்தான்! இந்த வகை மாத்திரைகளை இன்று இதயத்துக்காகவும் சிறுநீரகத்துக்காகவும் தருகிறார்கள். சர்க்கரை இறங்கிவிட்டது என்று இதை நிறுத்தினால், காவலுக்கு வைத்த ஆளைத் திருடன் வரவில்லை என்று அனுப்பிவிட்ட கதைதான்.

பணம் இல்லாமல் தானாகவே நிறுத்துபவர்களும் உண்டு. மாதக் கடைசியில் இரண்டு வேளை மாத்திரை ஒரு வேளையாகிறது. இதை யாரும் முடிவு செய்வதில்லை, தானாக நடக்கிறது. டாக்டருக்குத் தெரியாததால் அடுத்த முறை ரிப்போர்ட்டைப் பார்த்து அவர் இன்னும் ஒரு மாத்திரையைச் சேர்க்கிறார். சொல்லியிருந்தால் விலை குறைந்த மருந்துக்கு மாற்றியிருக்கலாம்.

முடிவாக

மாத்திரையைக் குறைப்பதற்கு இரண்டு நல்ல காரணங்கள் உண்டு என்று இந்த வரலாறு சொல்கிறது. ஒன்று, எடை குறைந்து நோய் தணிவது. இது பெரும்பாலும் நோய் வந்த புதிதில், உழைத்துப் பெறுவது. மற்றொன்று, முதுமையிலோ சிறுநீரகம் தளர்ந்தபோதோ மருந்தின் ஆபத்து அதன் நன்மையைத் தாண்டுவது. இது நோயாளியின் குற்றமும் அல்ல, சாதனையும் அல்ல. பாதுகாப்பு.

இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் ஆபத்து. நாற்பத்தைந்து வயது மகன், எண்பது வயது அப்பாவுக்கு டாக்டர் மாத்திரையைக் குறைத்ததைப் பார்த்து, 'அப்பாவுக்கே 8 பரவாயில்லையாம்' என்று தன் மாத்திரையை விட்டால் அது தவறு. மகனுக்கு வைத்த 6.5 இலக்கை அப்பாவுக்கும் வைத்து, அவரை லோ சுகரில் தள்ளுவதும் அதே அளவு தவறு.

டைரக்ட் ஆய்வில் முதல் நாளே மாத்திரையை நிறுத்தியவர்கள் தனியாக நிறுத்தவில்லை. எடை பார்த்தார்கள், ரத்தம் பார்த்தார்கள், சர்க்கரை ஏறினால் எந்த அளவில் மருந்தைத் திரும்பத் தொடங்குவது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். தொடங்கும்போது சீட்டு எழுதுவது போல நிறுத்தும்போதும் ஒரு சீட்டு வேண்டும். எதை, எவ்வளவு, எப்போது சோதிப்பது, எந்த எண்ணில் திரும்புவது என்று.

எனவே பாட்டி சொன்னது தவறு. ஆயுசுக்கும் என்று எழுதப்பட்ட விதி இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும் தவறு. கண் போய்விடும் என்று பயந்தவர் சொன்னது பாதி சரி. அப்பாவின் கேள்வி மட்டும் முழுக்கச் சரியான கேள்வி. அதைக் கேட்க வேண்டிய இடம் சமையலறை அல்ல, டாக்டரின் மேஜை. "இதில் எந்த மாத்திரை எனக்கு இன்னும் தேவை?" என்று கேட்பது அவமரியாதை இல்லை. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக டாக்டர்களே ஒருவரை ஒருவர் கேட்டுவரும் கேள்விதான் அது.